பெல்ட் விழும் இடம்

பெல்ட்டில் மூன்றாவது துளை. என் கணவர் தவராசாவின் இடுப்புக்கு இருபது வருடமாக அந்தத் துளைதான். ஒரு வைகாசி மாதம் அது நான்காவதுக்குப் போனது. ஆடியில் ஐந்தாவதுக்குப் போனது. அதற்கு மேல் துளை இல்லாததால் ஓர் ஆணியைச் சூடாக்கி ஆறாவதைத் தானே போட்டுக்கொண்டார்.

நான் தையற்காரி. கண்டாவளையில் வீட்டோடு மெஷின் வைத்துப் பாடசாலைச் சீருடைகள் தைக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் இவருடைய நீளக் காற்சட்டைகளின் இடுப்பை இரண்டு தரம் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். "என்ன, திரும்பவும் மாப்பிள்ளை ஆகிற யோசனையோ?" என்று பகிடி வேறு விட்டேன். ஐம்பத்தைந்து வயதில் மனிசன் தொப்பை இல்லாமல் இருக்கிறார் என்று எனக்குப் பெருமை. நோயின் முதல் அறிகுறியை நானே என் கையால் தைத்து மறைத்திருக்கிறேன்.

மற்ற அறிகுறியை இவர் மறைத்தார். மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்று தானே முடிவு செய்து, நாட்டு மருந்துக் கடையில் ஒரு தூளை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். இதை வாசிக்கிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் சந்தோஷப்படாதீர்கள். இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் நான்கு மாதத்தை இப்படித்தான் இழந்தோம்.

இவர் யார் என்று சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களின் நேரக்கணிப்பாளர். ஒரு சிறிய கூண்டுக்குள் கதிரையில் இருந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி, விசில் ஊதி அனுப்புகிற வேலை. அதற்குச் சீருடை ஒன்றும் இல்லை. ஆனால் இவருக்கு இருந்தது. வெள்ளை அல்லது மெல்லிய நீலச் சேட், சாம்பல் நிறக் காற்சட்டை, உள்ளே விட்ட சேட்டுக்கு மேல் மண்ணிறப் பெல்ட், சட்டைப்பையில் ஒரு பேனை. கைமடிப்பு சரியாக மூன்று சுற்று. தூசியும் டீசல் புகையும் நிறைந்த அந்த இடத்தில் இவர் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருப்பார்.

போரில் இடம்பெயர்ந்து, தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் இருந்த காலத்திலும் இவர் இப்படித்தான். பித்தளைச் செம்பில் தணலைப் போட்டு, அதன் அடியால் சேட்டை அழுத்தி மடிப்பு எடுப்பார். பக்கத்துக் கொட்டில்காரர் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, ஏசினேன். தண்ணிக்கு வரிசையில் நிற்கப்போகிற மனிசனுக்கு என்ன மடிப்பு?

நான் வேறு மாதிரி ஆள். பதினொரு தரம் இடம்பெயர்ந்தவள். எங்கள் கட்டிலுக்குக் கீழே இன்றைக்கும் ஒரு பயணப்பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ரோச் லைற், இரண்டு சோடி உடுப்பு, உப்பு, தீப்பெட்டி. ஐந்து நிமிடத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட என்னால் முடியும். வன்னியில் என் வயதுப் பெண்கள் பலருடைய கட்டிலுக்குக் கீழே இப்படி ஒரு பை இருக்கும். எது தேவை என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆவணியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகச் சிறிய கமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். பயொப்சி (கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வர, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மலக்குடலின் அடியில் புற்றுநோய்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்த சத்திரசிகிச்சை நிபுணர் மெதுவாகக் கதைக்கிறவர். ஒரு கடதாசியில் குடலை வரைந்து காட்டினார். முதலில் ஐந்து கிழமை கதிர்வீச்சும் மருந்தும். கட்டி சுருங்கிய பிறகு சத்திரசிகிச்சை.

"கட்டி நல்லாக் கீழை இருக்கு ஐயா. அதாலை ஆசனவாயையும் சேத்து எடுக்க வேண்டி வரும். பெருங்குடலின்ரை நுனியை வயித்திலை ஒரு வாசலா வைப்பம். அதிலை ஒரு பை ஒட்டியிருக்கும். மலம் அதுக்குள்ளை போகும்."

"எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"வாழ்நாள் முழுக்க அம்மா."

இதைக் கொலொஸ்ரமி (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கப்படும் செயற்கை வாசல்) என்கிறார்கள். அந்த வாசலுக்கு ஸ்ரோமா என்று பெயர். இவர் அந்தக் கடதாசியை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் பேனைக்குப் பக்கத்தில் வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டும் வரைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஐஞ்சு நிமிஷம் பிந்தி ஓடுறான்," என்று பஸ்ஸைப் பற்றிச் சொன்னார்.

கதிர்வீச்சுக் காலத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. தோல் வெந்தது, சாப்பாடு மறுத்தது, களைப்பு எலும்பு வரை போனது. ஐந்து கிழமையும் யாழ்ப்பாணத்தில் ஒரு உறவினர் வீட்டு அறையில் தங்கினோம். ஒவ்வொரு நாளும் இவர் சேட்டை உள்ளே விட்டுக்கொண்டுதான் சிகிச்சைக்குப் போனார். அங்கே போனதும் எல்லாவற்றையும் கழற்றத்தான் சொல்வார்கள். அது இவருக்கும் தெரியும்.

மார்கழியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்வதற்கு முதல்நாள் நான் சாமான் கட்டினேன். கைகள் தாமாகவே வேலை செய்தன. கட்டிலுக்குக் கீழே இருந்த பயணப்பையையே எடுத்தேன். காணி உறுதி, வங்கிப் புத்தகம், ரோச் லைற் எல்லாம் அப்படியே இருக்க, மேலே நான்கு சாறம், இரண்டு பழைய பெனியன், ஒரு போர்வை, சுடுதண்ணிப் போத்தல். எனக்கு அப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒரு இடம்பெயர்வுதான். இவர் கதவடியில் நின்று பார்த்தார்.

"இஞ்சாரும், என்ரை சீப்பு வைச்சனீரே?"

"அங்கை ஆருக்கு வடிவு காட்டப் போறியள்?" என்று கேட்டேன். அவர் சீப்பைத் தேடி எடுத்துத் தானே வைத்தார்.

வாட்டில் சேர்ந்த அன்று பின்னேரம் ஒரு மிஸி வந்தா. எங்கள் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். கையில் கறுப்பு மைப்பேனை வைத்திருந்தா. ஸ்ரோமா எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் அடையாளம் போடுவதுதான் அவவின் வேலை.

"ஐயா, நீங்கள் வழமையா என்ன உடுக்கிறனீங்கள்? சாறமோ, களிசானோ?"

"களிசான். பெல்ட்டும் கட்டுவன்."

"அதைப் போட்டுக்கொண்டு ஒருக்கா நில்லுங்கோ. பிறகு இருங்கோ, குனியுங்கோ. பெல்ட் விழுற இடத்தைப் பாத்துத்தான் நான் புள்ளி வைக்க வேணும். பெல்ட்டுக்கு நேரை வாசல் வந்தால் பை ஒட்டாது. கசியும். காலம் முழுக்கக் கரைச்சல்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பயணப்பையைப் பார்த்தேன். அதற்குள் எங்கள் காணி உறுதி இருந்தது. காற்சட்டை இல்லை. வரும்போதுகூட, கதிர்வீச்சுப் புண் உரசும் என்று சொல்லி நான்தான் சாறம் கட்டவைத்துக் கூட்டி வந்திருந்தேன்.

"பறவாயில்லை மிஸி," என்றேன். "ஒரு மட்டா வைச்சு விடுங்கோ. இனி இவர் சாறந்தானே கட்டப் போறார்."

மிஸி பேனையைத் திறந்தா. அப்போதுதான் இவர், முப்பது வருடத்தில் சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனிசன், வயிற்றின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"வைக்காதேங்கோ பிள்ளை. நாளைக்குக் காலமை என்ரை களிசானும் பெல்ட்டும் வரும். அதுக்குப் பிறகு வையுங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வாட்டில் பத்துப் பேர் படுத்திருந்தார்கள். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. "உயிரைக் காப்பாத்த வந்த இடத்திலை உங்களுக்குப் பெல்ட் கதையோ?" என்று கத்தினேன்.

இவர் கோபப்படவில்லை. "உயிர் தப்பின பிறகு போடத்தானப்பா பெல்ட்," என்றார். "நான் திரும்பிப் போய் அந்தக் கூண்டுக்குள்ளை இருக்க வேணும். இருக்கேக்கை நான் நானா இருக்க வேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

மிஸி பேனையை மூடிவிட்டா. "சரி ஐயா, நாளைக்குப் பத்து மணிக்கு வாறன். ஒப்பரேஷன் நாளையிண்டைக்குத்தானே," என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

இவர் கைபேசியில் ஹனீபா நானாவுக்கு எடுத்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருப்பவர். முல்லைத்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர். இவருடைய சேட்டுத் துணியெல்லாம் அவரிடம்தான். நானா உடனே மோட்டார் சைக்கிளில் கண்டாவளைக்குப் போய், பக்கத்து வீட்டில் திறப்பை வாங்கி, எங்கள் அலுமாரிக்கு முன்னால் நின்று கைபேசியில் எனக்குத் திரும்ப எடுத்தார்.

"தங்கச்சி, கறுப்போ சாம்பலோ எண்டு கேளுங்கோ."

"சாம்பல்," என்றார் இவர், கட்டிலில் படுத்தபடி.

"சேட்?"

"நீலக் கோடு போட்டது. பெல்ட் அலுமாரிக் கதவுக்குப் பின்னாலை தொங்குது."

அடுத்தநாள் காலையில் ஒன்பது மணிக்கு முன்பே, கிளிநொச்சியிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கொண்டக்டர் வாட் வாசலில் நின்றார். கையில் ஒரு ஹாங்கர். அதில் அயன் பண்ணிய சாம்பல் நிறக் காற்சட்டை, நீலக்கோட்டுச் சேட், தோளில் மடித்துப் போட்ட பெல்ட். மடித்துப் பைக்குள் வைத்தால் கசங்கும் என்று, சாரதிக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் கொழுவி, அறுபது கிலோமீற்றரும் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு வந்தாராம். "ஐயா எங்கடை பஸ்சை ஒருநாளும் பிந்த விட்டதில்லை. நாங்களும் பிந்தக் கூடாதெல்லே," என்றார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுகை வந்தது.

மிஸி பத்து மணிக்கு வந்தா. இவர் சீப்பால் தலை இழுத்து, சேட்டை உள்ளே விட்டு, பெல்ட்டை ஆறாவது துளையில் பூட்டிக்கொண்டு நின்றார். நில்லுங்கோ, இருங்கோ, குனிந்து சப்பாத்துக் கட்டுகிற மாதிரிச் செய்யுங்கோ என்று மிஸி சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் செய்தார். பெல்ட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, இடப்பக்கம், தோல் மடியாத இடமாகப் பார்த்து மிஸி புள்ளி வைத்தா. மத்தியானம் நிபுணர் வந்து பார்த்துவிட்டு, "சரியான இடம்," என்று மட்டும் சொன்னார்.

இதே வழியில் போகிறவர்களுக்காக இதை விரிவாக எழுதினேன். புள்ளி வைக்க முன்னர் உங்கள் வழமையான உடுப்பை உடுத்திக் காட்டுங்கள். கோயிலுக்கு உடுக்கும் வேட்டியோ, வயலுக்குக் கட்டும் சாறமோ, சேலை உட்பாவாடையின் நாடாவோ, எது எங்கே விழும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்பது மினுக்கம் அல்ல. பிறகு வருடக்கணக்காக அந்த இடத்தோடு வாழப்போவது நீங்கள்தான்.

சத்திரசிகிச்சை ஆறு மணித்தியாலம் எடுத்தது. நான்காம் நாள் பை மாற்றும்போது ஸ்ரோமாவை முதன்முதலாகப் பார்த்தோம். ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஈரமாக, நல்ல சிவப்பாக இருந்தது. நான் யன்னலைப் பார்த்தேன். இவர் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பா இருந்தால் இரத்த ஓட்டம் நல்லா இருக்கு எண்டு அர்த்தம்," என்றா மிஸி.

"என்ரை உடுப்பிலை சிவப்பு ஒருநாளும் இருந்ததில்லை," என்றார் இவர். மிஸிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, அதன்பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்ததும் இவர் ஒடிந்துபோனார். ஆசனவாயை மூடித் தைத்த காயம் ஆற மூன்று மாதம் எடுத்தது. இருக்க முடியாது, சரிந்துதான் படுக்க வேண்டும். கதிரையில் இருந்தே உத்தியோகம் பார்த்த மனிசன். அதோடு மாத்திரையாகக் கொடுத்த கீமோ (புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் மருந்து) கை விரல்களை மரத்துப்போகச் செய்தது. ஒரு சேட்டுப் பொத்தானைப் பூட்ட ஐந்து நிமிடம் எடுத்தது. பிறகு பூட்டுவதையே விட்டுவிட்டார்.

பை தனக்கு விருப்பமான நேரத்தில் வேலை செய்தது. வாசலுக்குத் தசைக் கட்டுப்பாடு இல்லை. காற்றுப் பிரிவதை அடக்க முடியாது. ஆட்கள் நோய் பார்க்க வந்து இருக்கும்போது அது சத்தம் போடும். எல்லாரும் கேட்காத மாதிரி இருப்பார்கள், அது இன்னும் மோசம். வந்தவர்கள் கொண்டுவந்த மோல்ற் சத்துமாப் பேணிகளும் பிஸ்கற் பெட்டிகளும் மேசையில் நிறைந்தன. இவர் அறைக்குள் படுத்துக்கொண்டு, நித்திரை என்று சொல்லச் சொன்னார். மாசி, பங்குனி, சித்திரை. சாறம், பெனியன், மழிக்காத முகம். சீப்பு கண்ணாடிக்கு முன்னால் தூசி பிடித்துக் கிடந்தது.

தறப்பாள் கொட்டிலில் மடிப்பு எடுத்தவர் தலை இழுக்காமல் இருக்கிறார் என்பதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. கட்டியைக் கண்டுபிடித்த அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இரவுபகலாக மெஷினை மிதித்தேன். இடுப்பில் கொஞ்சம் தளர்வாக, முன்பக்கம் இரண்டு மடிப்பு வைத்து, உள்ளே பையைத் தாங்க மெல்லிய பருத்தியில் ஒரு பொக்கற்றும் வைத்து இரண்டு காற்சட்டை தைத்தேன். வெளியே விட்டுப் போட, பூப்போட்ட அகலமான மூன்று சேட். இருக்க ஒரு மெத்தென்ற தலையணை. எல்லாவற்றையும் அலுமாரியில் அடுக்கிக் காட்டினேன். "நல்லா இருக்கு," என்றார். தொடவில்லை.

வவுனியாவில் படிப்பிக்கிற எங்கள் மகள் துளசி சனிக்கிழமைகளில் வருவாள். ஒருநாள் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா ஒருநாளும் பூச்சேட் போட்டவரே?"

"வெளியிலை விட்டால் பை தெரியாதெல்லே."

"தெரியாதுதான். அப்பாவிட்டைக் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை. அந்த மனிசனுக்கு எத்தனை மணிக்கு மருந்து, எவ்வளவு தண்ணீர், எந்தச் சாப்பாட்டில் வாய்வு என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தேன். பயறும் முட்டைக்கோவாவும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன். என்ன விருப்பம் என்று மட்டும் கேட்டதில்லை. நேர்மையாகச் சொன்னால், அது கேட்க வேண்டிய ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரியாது. ஓடி ஓடி வாழ்ந்த இடத்தில் ஆரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை, நாங்களும் மறந்துபோனோம்.

அன்று பின்னேரம் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விருப்பம்?"

சுகமாக வேண்டும், மகளின் கலியாணம் பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னார்.

"ஐஞ்சே முக்கால் பஸ்சை அனுப்பிப்போட்டு, அடுத்த பஸ்சுக்கு முன்னம் இருக்கிற அந்தப் பதினைஞ்சு நிமிஷத்திலை, சேட்டை உள்ளை விட்டுக்கொண்டு, கூண்டுக்குள்ளை இருந்து ஒரு பிளேன்ரீ. பனங்கட்டிக் கடியோடை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அதுக்காகத்தான் அண்டைக்குப் பெல்ட் எடுப்பிச்சனான்."

"அப்ப போறதுக்கென்ன?"

"இது எப்ப வேலை செய்யும் எண்டு எனக்குத் தெரியாதப்பா," என்று வயிற்றைக் காட்டினார். "நேரம் தெரியாதவன் அந்தக் கதிரையிலை இருக்கேலாது."

என்னிடம் இதற்குத் தையல் இல்லை. ஆனால் சொன்ன வாயாலேயே அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். அடுத்தநாள் காலை ஒரு கொப்பி கேட்டார். மரத்த விரல்களுக்குள் பேனையைச் செருகி, பஸ் கொப்பியில் போடுவது போலவே கோடு போட்டார். சாப்பிட்ட நேரம், சாப்பாடு, பை வேலை செய்த நேரம், சத்தம் போட்ட நேரம். நான்கு பத்தி. மூன்று கிழமை ஒரு நாளும் விடாமல் எழுதினார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். தன் குடலை ஒரு புது பஸ் மாதிரி அவர் வைத்துப் பழக்கினார்.

மூன்றாம் கிழமை முடிய எனக்குக் காட்டினார். காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றால் எட்டே காலுக்குள் ஒன்று. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்று. முதல்நாள் ஏழு மணிக்கு முன்னர் இரவுச் சாப்பாட்டை முடித்தால் விடியப்புறம் அமைதி. தேத்தண்ணிக்கு ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் காற்று மட்டும். கிளினிக்கில் நிபுணர் அந்தக் கொப்பியை இரண்டு தரம் புரட்டினார்.

"இதை எங்கடை மாணவர்களுக்குக் காட்டட்டுமோ ஐயா?"

"காட்டுங்கோ. திருப்பித் தந்தால் சரி," என்றார் இவர்.

எல்லாருக்கும் குடல் இப்படி ஒழுங்குக்கு வரும் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு வராது என்று மிஸியும் சொன்னா. எழுதிப் பார்த்தால் உங்கள் உடம்பின் வழக்கம் என்ன என்றாவது தெரியும்.

ஆடி பிறந்து சோளகக் காற்று தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. விடிய நான்கு மணிக்கு எழும்பி முகம் மழித்தார். பையை மாற்றினார். நான் தைத்த காற்சட்டையைப் போட்டார். உள்ளே வைத்த பொக்கற்றைத் தடவிப் பார்த்து, "இது நல்ல யோசனை," என்றார். பூச்சேட்டை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு நீலக்கோட்டை எடுத்தார். பொத்தான்களை நான் பூட்டப் போனேன், விடவில்லை. ஏழு பொத்தானுக்கும் எட்டு நிமிடம். பெல்ட் நான்காவது துளைக்கு வந்திருந்தது.

நானும் கூடப் போனேன். கூண்டுக் கதிரையில் என்னுடைய தலையணையைப் போட்டு இருந்தார். ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு விசில் ஊதினார். ஹனீபா நானா கடையைத் திறக்காமலே வந்து நின்றார். பால் விடாத பிளேன்ரீ வந்தது. இவர் ஒரு மிடறு குடித்தார், பனங்கட்டியைக் கடித்தார், கண்ணை மூடினார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இந்த மனிசனைக் கட்டியதற்காக அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், அதை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாவது மிடறில் வயிறு சத்தம் போட்டது. நல்ல பெரிய சத்தம். சுற்றி நின்ற சாரதிமார் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். இவர் கோப்பையை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொன்ன நேரத்துக்குத்தான்," என்றார். "இப்ப என்னட்டை ரெண்டு விசில் இருக்கு. கையிலை இருக்கிறதுக்கு மட்டும் பஸ்சை எடுங்கோ."

நானா சிரித்த சிரிப்பில் கூண்டுத் தகரம் அதிர்ந்தது. அன்றையிலிருந்து அந்தச் சத்தத்தைப் பற்றி அங்கே ஆரும் யோசிப்பதில்லை.

இப்போது இவர் அரை நாள் வேலை செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் (உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் பரிசோதனை). போன இரண்டும் நன்றாக இருந்தன. அடுத்தது எப்படி இருக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். முன்பு நாங்கள் வருடக் கணக்கில் திட்டம் போட்டோம். இப்போது ஸ்கானுக்கு ஸ்கான். அந்த மூன்று மாதமும் நீளமாக இருக்கிறது, அதுதான் ஆச்சரியம். ஒரு பதினைந்து நிமிடத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு முன்பு தெரியாது.

போன மாதம் ஒருநாள் சேட் அயன் பண்ணிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"இஞ்சாரும், உமக்கு என்ன விருப்பம்?"

"எனக்கென்ன, நீங்கள் சுகமா இருந்தால் சரி."

"அது தேவை. விருப்பத்தைச் சொல்லும்."

நான்கு நாள் யோசித்தேன். மெஷினில் யோசித்தேன், குசினியில் யோசித்தேன். நோய்க்காரனுக்கு வந்த பதில் ஒரு மூச்சில் வந்தது. சுகதேகியான எனக்கு நான்கு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் சொன்னேன்.

"முல்லைத்தீவு பஸ்சிலை யன்னல் கரையிலை இருந்து போக வேணும். கையிலை ஒண்டும் இல்லாமல். இறங்கவும் வேண்டாம். அதே பஸ்சிலை திரும்பி வர வேணும்."

அவர் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீதியால் நாங்கள் எப்போது, எதைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு போனோம் என்று அவருக்கும் தெரியும். நான் அந்த வீதியில் ஒருபோதும் கைவீசிப் போனதில்லை.

போன புதன்கிழமை ஏழு பத்து பஸ். கட்டிலுக்குக் கீழே இருக்கும் பயணப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காசுப்பையும் கொண்டுவரவில்லை; ரிக்கற்றை இவர் முதலே எடுத்துத் தந்துவிட்டார். சாரதிக்குப் பின்னால் மூன்றாவது யன்னல். இருந்ததும் என் இரண்டு கைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

"அக்கா, சாமான் ஒண்டும் ஏத்த இல்லையோ?" என்றார் கொண்டக்டர். அன்று ஹாங்கரைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்த அதே மனிதர், இப்போது இந்த பஸ்ஸில்.

"இல்லைத் தம்பி. ஒண்டும் இல்லை."

கூண்டுக்குள்ளிருந்து இவர் வெளியே வந்து நின்றார். சேட் உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, கைமடிப்பு மூன்று சுற்று. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏழு பத்துக்கு ஒரு செக்கன் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. விசில் ஊதினார்.

பரந்தனில் பஸ் வலப்பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் வயல். சோளகம் முகத்தில் அடித்தது. நான் வலது கையை யன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்துக் காற்றுக்குக் கொடுத்தேன்.

"அக்கா, கையை உள்ளுக்கை எடுங்கோ!" என்று கொண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"எடுக்கிறன் தம்பி," என்றேன். கண்டாவளைச் சந்தி வரும் வரைக்கும் எடுக்கவில்லை.